நல்லா இருக்கிற ஆள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்குப் பார்வை இல்லை. நண்பர்கள் இருவரில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருப்பவர், இன்னொருவருக்குக் காது கேட்காது. மூவரும் காரைக்குடியில் சேர்ந்து குடியிருக்க நினைக்கிறோம். "நல்லா இருக்கிற ஆள் ஒருத்தர்கூட இல்லாமல் எப்படி?" என்கிறார்கள் வீட்டில். எனக்கும் அது சரிதானோ என்று படுகிறது. பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றில் ஒரு பகுதி குறைந்த வாடகைக்கு வருகிறது. எடுக்கலாமா? செலவை எப்படிப் பிரிப்பது?

க., தேவகோட்டை

அன்புள்ள க.,

செலவுக் கணக்கை போனில் எழுதி வையுங்கள், போதும். ஆனால் "சரிதானோ" என்றீர்களே, அதற்குத்தான் கோபம் வருகிறது.

என் அப்பத்தாவும் அவர் தங்கையும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். எல்லோரும் சென்னைக்குப் போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் இருவர் மட்டும். அப்பத்தாவுக்குக் கண் போய்விட்டது, சின்ன அப்பத்தாவுக்குக் காது. சின்னவர் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வார். அப்பத்தாவுக்கு இருட்டியது தெரியாது, பேசிக்கொண்டே இருப்பார். "லைட்டைப் போடு ஆச்சி, நீ பேசுறது தெரியல" என்று சத்தம் வரும். கரண்ட் இல்லாவிட்டால் தங்கையின் உள்ளங்கையில் விரலால் எழுதுவார். வாசலில் யார் கூப்பிட்டாலும் சொல்வது அப்பத்தா. அரிசியில் கல் பொறுக்குவது சின்னவர்.

ஆனால் அடுப்பு இரண்டு. கல்யாணமான மகனை வேறு வைப்பது செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்து வழக்கம்: வீடு ஒன்று, சமையலும் கணக்கும் தனி. குழம்பு இங்கிருந்து அங்கே போகும், அதிகாரம் போகாது. கடைசிவரை ஒருவர் குடும்பத்தை இன்னொருவர் நடத்தவில்லை. நீங்கள் தேடுகிற நல்லா இருக்கிற ஆள் வந்தால், எப்போது சாப்பிடுவது, எப்போது வெளியே போவது என்று அவரே முடிவு செய்வார். நண்பரைத் தூக்கிவிட ஆள் வேண்டுமா, சம்பளத்துக்கு வையுங்கள். அவர் உங்களிடம் வேலை பார்ப்பவர், உங்களை மேய்ப்பவர் இல்லை. இன்ன ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்ற கட்டாயம் மாற்றுத்திறனாளிகளுக்கு இல்லாதபடி செய்ய அரசு முயல வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவே சொல்கிறது. வீட்டில் இதைப் படித்துக் காட்டுங்கள்.

அப்புறம், அந்தப் பழைய வீடு வேண்டாம். தெருவிலிருந்து உயர்த்திக் கட்டியிருப்பார்கள். வாசலில் படி, முகப்பு தாண்டினால் நிலைப்படி, முற்றம் தாழ்வு. உங்கள் காலுக்குப் பழகிவிடும். நண்பரை ஒவ்வொரு தடவையும் தூக்க வேண்டியிருக்கும். புது வீடாக, தரைத்தளமாகப் பாருங்கள். காலிங் பெல் அடித்தால் லைட்டும் எரிகிற மாதிரி எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். நண்பரை நாற்காலியோடு கூட்டிப்போய், கழிப்பறைக்குள் நாற்காலி நுழைந்து திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.