மாநில அட்டர்னி ஜெனரல் பதவியின் வலிமை: மிசிசிப்பியின் மைக் மூர்

அமெரிக்காவில் மாநில அட்டர்னி ஜெனரலாக, அதாவது மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக, இருந்தவர்களில் ஒருவரைப் பற்றி அறிய விரும்பினால் யாரைச் சொல்வீர்கள், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டம் படித்தவன் என்ற முறையில் நான் தயக்கமின்றிச் சொல்லும் பெயர் மைக் மூர். மிசிசிப்பி மாநிலத்தில் நான்கு தேர்தல்களில் வென்று, 1988 முதல் 2004 தொடக்கம் வரை பதினாறு ஆண்டுகள் அப்பதவியை வகித்தவர்.

இந்தியாவில் மாநிலத்தின் அட்வகேட் ஜெனரலை ஆளுநர் நியமிக்கிறார். ஆட்சி மாறினால் அவரும் பதவி விலகுவதே வழக்கம். மிசிசிப்பி உள்ளிட்ட பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களிலோ அட்டர்னி ஜெனரலை மக்களே நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே மாநில அரசின் தலைவரான ஆளுநர் ஒரு கட்சியையும் அட்டர்னி ஜெனரல் எதிர்க்கட்சியையும் சேர்ந்தவர்களாக இருப்பது அங்கே புதிதன்று. இதை மனத்தில் கொண்டால்தான் மூர் செய்த காரியத்தின் துணிச்சல் விளங்கும்.

அவர் 1952இல் பிறந்தவர். மெக்சிகோ வளைகுடாக் கரையில் கப்பல் கட்டும் தளமுள்ள பாஸ்ககூலாதான் அவருடைய ஊர். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்து, முப்பது வயதுக்கு முன்பே மாவட்ட அரசு வழக்கறிஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உள்ளூரில் செல்வாக்கு மிகுந்த கவுன்டி சூப்பர்வைசர்கள் (மாவட்ட நிர்வாகக் குழு உறுப்பினர்கள்) மீதே ஊழல் வழக்குத் தொடுத்துப் பெயர் பெற்றார். 1989இல் நாடாளுமன்றத்துக்கான இடைத்தேர்தலில் நின்று தோற்றார். அந்தத் தோல்வி மிசிசிப்பிக்கு நன்மையாகவே முடிந்தது என்பது என் கருத்து.

அவர் வாழ்க்கையின் மையம் சிகரெட் நிறுவனங்கள் மீது தொடுத்த வழக்கு. 1950களிலிருந்தே புகைபிடித்து நோயுற்றவர்களும் அவர்களின் குடும்பத்தாரும் அந்நிறுவனங்கள் மீது நூற்றுக்கணக்கில் வழக்குத் தொடுத்திருந்தார்கள். நிறுவனங்களோ இழப்பீடாக ஒரு காசு கூடக் கொடுத்ததில்லை. ‘ஆபத்து என்று தெரிந்தேதானே புகைத்தீர்கள்’ என்ற ஒரே வாதம் நடுவர் குழுக்களின் முன் எடுபட்டது. 1993இல் மூருடன் சட்டக் கல்லூரியில் படித்த மைக் லூயிஸ் என்ற வழக்கறிஞர், புகைப்பழக்கத்தால் இதயம் பழுதாகி மரணப் படுக்கையில் கிடந்த ஒரு பெண்மணியைப் பார்க்க மருத்துவமனைக்குச் சென்றார். அவருடைய சிகிச்சைச் செலவை ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்ட் ஏற்றிருந்தது. அப்படியானால் உண்மையில் பணத்தை இழப்பவர் யார் என்று லூயிஸ் யோசித்தார். வரி செலுத்தும் மக்கள் அல்லவா? மாநில அரசு ஒருநாளும் புகைபிடித்ததில்லையே! அரசே வாதியாக வந்தால் ‘தெரிந்தே புகைத்தீர்கள்’ என்று அதைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. வாதியை மாற்றியதால் வழக்கின் அடித்தளமே மாறியது. சட்ட மாணவர்கள் அனைவரும் ஊன்றிப் படிக்க வேண்டிய இடம் இது.

1994 மே 23 அன்று மூர் வழக்குத் தாக்கல் செய்தார். அதற்கு ஏறத்தாழ ஆறு வாரங்கள் முன்புதான் ஏழு சிகரெட் நிறுவனங்களின் தலைவர்கள், நிகோடின் அடிமைப்படுத்துவதில்லை என்று நாடாளுமன்றக் குழுவின் முன் சத்தியம் செய்து கூறியிருந்தார்கள். நாட்டின் மிக ஏழ்மையான மாநிலங்களில் ஒன்று, வற்றாத பணமும் தேர்ந்த வழக்கறிஞர் படையும் கொண்ட ஒரு தொழிலை எதிர்த்து முதல் ஆளாக நின்றது. செலவுக்கு அரசிடம் பணமில்லை. ரிச்சர்ட் ஸ்க்ரக்ஸ் முதலான தனியார் வழக்கறிஞர்கள் வென்றால் மட்டுமே கட்டணம் என்ற உடன்பாட்டில் வழக்கை நடத்தினார்கள். இந்த ஏற்பாட்டின் மீது எழுந்த விமர்சனத்தை நான் ஒதுக்க மாட்டேன். பிற்காலத்தில், தொடர்பில்லாத வேறொரு விவகாரத்தில், நீதிபதிக்கு லஞ்சம் கொடுக்கச் சதி செய்ததாக ஸ்க்ரக்ஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றதும் உண்மை. ஆயினும் வேறு வழியில் அந்த வழக்கு நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எதிர்ப்பு நிறுவனங்களிடமிருந்து மட்டும் வரவில்லை. மெடிக்கெய்ட் துறை தன் பொறுப்பில் இருப்பதால் தன் இசைவின்றி வழக்குத் தொடுக்க முடியாது என்று, ஆளுநர் கர்க் ஃபோர்டைஸ் தம் மாநில அட்டர்னி ஜெனரலுக்கு எதிராகவே 1996இல் நீதிமன்றம் சென்றார். மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இதற்கிடையில் ஜெஃப்ரி வைகண்ட் என்ற முன்னாள் ஆராய்ச்சித் துறைத் துணைத் தலைவர், தாம் பணியாற்றிய சிகரெட் நிறுவனம் கென்டக்கி நீதிமன்றத்தில் பெற்றிருந்த வாய்ப்பூட்டு ஆணையையும் மீறி, 1995 நவம்பரில் பாஸ்ககூலாவுக்கு வந்து வாக்குமூலம் அளித்தார். மூர் மாநிலம் மாநிலமாகச் சென்று பிற அட்டர்னி ஜெனரல்களிடம் பேசினார். ஒவ்வொருவராக வழக்கில் இறங்கினார்கள்.

விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில், 1997 ஜூலை 3 அன்று, நிறுவனங்கள் மிசிசிப்பிக்கு 330 கோடி டாலருக்கும் மேல் தர ஒப்புக்கொண்டன. அடுத்து ஃப்ளோரிடா, டெக்சாஸ், மின்னசோட்டா ஆகியவை தனித்தனியே உடன்பாடு கண்டன. மற்ற 46 மாநிலங்கள் 1998 நவம்பரில் ஒன்றாகக் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் மதிப்பு 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர். சாலையோர விளம்பரப் பலகைகளும் சிறுவர்களைக் கவரும் கார்ட்டூன் விளம்பரங்களும் அதோடு ஒழிந்தன.

எனக்கு இன்றும் வருத்தம் தருவது அதன் பிந்தைய கதை. அந்தப் பணத்தில் ஆண்டுக்கு 2 கோடி டாலரை ஒதுக்கி மூர் உருவாக்கிய புகையிலைத் தடுப்பு அமைப்பு, பள்ளிப் பிள்ளைகளிடையே புகைப்பழக்கத்தைக் கணிசமாகக் குறைத்தது. சட்டமன்றத்தின் ஒப்புதலின்றிப் பொதுப் பணம் அங்கே போகக் கூடாது என்று ஆளுநர் ஹேலி பார்பர் தொடுத்த வழக்கால் 2006இல் அந்த நிதி நின்றுபோனது. மருத்துவத்துக்கென ஏற்படுத்திய அறக்கட்டளை நிதியையும் சட்டமன்றம் வேறு செலவுகளுக்கு எடுத்துத் தீர்த்தது. சட்ட நுணுக்கம் எதுவாயினும், நோயாளிகளின் பெயரால் வென்ற பணம் பட்ஜெட் பற்றாக்குறையை அடைக்கப் போனதை என்னால் ஏற்க முடியவில்லை.

பதவியை விட்ட பிறகு மூர், ஓபியாய்டு வலிநிவாரணி மருந்து நிறுவனங்கள் மீது மாநிலங்கள் தொடுத்த வழக்குகளில் ஈடுபட்டார். புகையிலைப் பணத்துக்கு நேர்ந்தது இதற்கும் நேரக் கூடாது என்பதை அவர் பலமுறை வலியுறுத்தினார். மருந்து விநியோக நிறுவனங்கள் மூன்றும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் 2021இல் அறிவித்த 2,600 கோடி டாலர் உடன்பாட்டில், குறைந்தது 85 சதவீதத்தை அந்த மருந்துகளால் விளைந்த நெருக்கடியைச் சீர்செய்யவே செலவிட வேண்டும் என்ற விதி எழுதிச் சேர்க்கப்பட்டது.