எண் பலகை இல்லாத மின் ஸ்கூட்டருக்கு எது காவல்?

கேள்வி: மகள் கல்லூரி சென்றுவர, மணிக்கு 25 கி.மீ. மட்டுமே ஓடும் மின் ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினோம். அடுக்ககத்தின் தரைத்தளத்தில் ஹேண்டில் லாக் போட்டு, அலாரத்தையும் இயக்கி நிறுத்தியிருந்தும், ஒரு நாள் காலையில் சீட் திறந்து கிடந்தது. பேட்டரியை மட்டும் எடுத்துச் சென்றுவிட்டார்கள். அலாரம் ஏன் ஒலிக்கவில்லை? புதிய பேட்டரியை எப்படிக் காப்பது?
– வாசகி, பல்லாவரம்

பதில்: அலாரம் சில விநாடிகள் ஒலித்திருக்கக்கூடும். இவ்வகை வண்டிகள் பலவற்றில் அலாரத்துக்கும் சக்கரப் பூட்டுக்கும் மின்சாரம் தருவது அந்த பேட்டரிதான்; இணைப்பைப் பிடுங்கிய கணத்திலேயே காவலும் ஓய்ந்துவிடுகிறது. நான் வழக்கமாகப் போகும் பட்டறையில், சாவியைத் தொலைத்துவிட்டு வந்த ஒருவரின் சீட்டை மெக்கானிக் ஒரு தட்டை ஸ்குரூடிரைவரால் நெம்பித் திறந்து, இரண்டு இணைப்புகளைக் கழற்றி, கைப்பிடியைப் பற்றி பேட்டரியை வெளியே தூக்கி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். நான் கையிலிருந்த தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பூனை தாவினாலும் லாரி போனாலும் அலறும் அலாரத்தைக் கேட்டு அக்கம்பக்கத்தார் எழுந்து வருவதும் அரிது.

ஆகவே, கழற்றக்கூடிய பேட்டரி என்றால் இரவில் அதை வீட்டுக்குள் எடுத்துச் செல்வதே முதல் வழி. சுமார் பத்து கிலோவைத் தூக்கிக்கொண்டு படி ஏறுவது சிரமம்தான். ஆனாலும், வண்டி விலையில் பெரும்பங்கு அதற்குள்தான் இருக்கிறது. வீட்டில் சார்ஜ் செய்யும்போது கட்டிலுக்கு அடியிலோ, வெளியேறும் வாசலை ஒட்டியோ வைக்க வேண்டாம். தூக்க இயலாதவர்கள், பேட்டரியின் மேல் குறுக்கே விழும்படி இரும்புப் பட்டை ஒன்றை வெல்டிங் பட்டறையில் செய்வித்து, வண்டியின் சட்டத்தோடு பூட்டிக்கொள்ளலாம். பேட்டரிப் பெட்டியில் மட்டும் துளையிட அனுமதிக்காதீர்கள்.

வண்டியையும் மறந்துவிட வேண்டாம். பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை என்ற விலக்கைப் பெறுவதற்கு, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டக்கூடாது, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். ஆகவே, இருவர் சேர்ந்தால் அதைச் சரக்கு ஆட்டோவில் தூக்கி வைத்துவிடலாம். ஹேண்டில் லாக்கால் அதைத் தடுக்க முடியாது. தடித்த சங்கிலியை வண்டியின் சட்டத்தினூடே விட்டு, தூணிலோ சுவரில் பதித்த வளையத்திலோ சேர்த்துப் பூட்டுங்கள். சங்கிலி தரையில் படியாமல் உயர்ந்து நிற்கட்டும். தரையில் கிடந்தால், வெட்டும் கருவியின் ஒரு பிடியைத் தரையில் ஊன்றி, மறுபிடியின் மேல் உடல் எடை முழுவதையும் செலுத்தி அறுத்துவிடுவார்கள்.

எண் பலகை இல்லாததால், சேஸ் எண், மோட்டார் எண், பேட்டரியின் வரிசை எண் ஆகியவைதான் உங்கள் வண்டிக்கு அடையாளம். இன்றே மூன்றையும் படமெடுத்து, வாங்கிய ரசீதோடு சேர்த்து வையுங்கள். இவை இல்லாமல் புகார் கொடுத்தால், எங்கோ பிடிபட்ட பேட்டரி உங்களுடையதுதான் என்று காட்டுவதற்கு உங்களிடம் எதுவும் இருக்காது.

கேள்வி: ஜி.பி.எஸ். கருவி பொருத்தினால் போதுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தனக்கென உள் பேட்டரி உள்ள கருவியாக இருந்தால் பயன் உண்டு, இல்லையேல் வண்டியின் பேட்டரி போனதும் அதுவும் அணைந்துவிடும். சிம் கார்டின் சந்தா தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி இருக்குமிடம் தெரிந்தாலும் தனியாகப் போய் நிற்காமல், காவலர்களுடன் செல்லுங்கள்.

கேள்வி: பதிவு செய்த என் மின் ஸ்கூட்டர் திருடு போனது. அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கையும் பெற்றுவிட்டேன். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சில வாரங்கள் கழித்தே தெரிவித்ததால், இழப்பீடு இல்லை என்கிறார்கள். இது சரியா?
– வாசகர், மதுரை

பதில்: சரியல்ல. திருட்டு நடந்தவுடன் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதில் ஏற்பட்ட தாமதத்தை மட்டுமே காரணமாக்கி இழப்பீட்டை மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2020 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. அதைச் சுட்டி நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். பயன் இல்லையெனில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரையோ, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையோ அணுகலாம்.

மற்ற வாசகர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பல காவல் நிலையங்களில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிடுவார்கள், இழப்பீட்டுக்கு அது போதாது. முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய மறுத்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, காவல் கண்காணிப்பாளருக்குப் புகாரை அஞ்சலில் அனுப்பலாம். வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றிதழையும் காவல் துறையிடம் பெற வேண்டியிருக்கும். இரண்டு சாவிகளையும் நிறுவனம் கேட்கும். ஒன்று தொலைந்திருந்தால் அதை முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.