குளச்சல் பக்கம் திருவிழா ஒலிபெருக்கிச் சண்டை: காவல் நிலைய அமைதிக் குழு ஒருதலைப்பட்சம் ஆகாமல் இருக்க என்ன செய்வது?

குழுவில் யார் உட்காருகிறார்கள் என்பதில்தான் பாதிப் பிரச்சினை. கோயில் நிர்வாகி, தேவாலயத்தின் பங்குப்பேரவை, ஜமாத் தலைவர் வந்தால் போதும் என்று நினைப்பார்கள். விடியுமுன் கடலுக்குப் போகிறவரும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் தாயும் அங்கே இருக்கவே மாட்டார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள்.

1982 மண்டைக்காடு மதக் கலவரத்தைக் கண்ட குமரி மாவட்டம் இது. அதனால் வெறும் சத்தத் தகராறையும் மதச் சண்டையாகப் பார்க்கும் சாய்வு எளிதில் வரும். மூன்று வருடப் புகார்களைத் தேதி, நேரம், ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய இடம் வாரியாக எழுதிப் பாருங்கள். பல நேரம் ஒரே குழாயின் திசைதான் காரணமாக இருக்கும்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. விழாவுக்கான அரசு விலக்கும் நள்ளிரவு 12 வரைதான். ஒலிபெருக்கி நிபந்தனை எல்லா வழிபாட்டிடத்துக்கும் ஒன்றாக, எழுத்தில் இருக்கட்டும். மனு கொடுத்தால் ரசீது வாங்குங்கள். அடிதடி நடந்துவிட்டால் அதைக் குழுவில் பேசி முடிக்கக் கூடாது. வழக்குப் பதிய வேண்டும்.