முகத்துவாரத்து நண்டுகள்: கேள்வி பதில்

கழிமுக நண்டுகளின் இளவுயிரிகளை ஆராயும் கடல் உயிரியலாளர், வாசகர்களுக்கு அளித்த பதில்கள்.

ராமலிங்கம், சிதம்பரம்: பிச்சாவரம் சேற்றில் சுகமாக வாழும் நண்டு, முட்டை பொரிக்க மட்டும் கடலுக்குப் போவானேன்?

வளர்ந்த நண்டு உப்பு குறைந்தாலும் சமாளிக்கும், குஞ்சு சமாளிக்காது. கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அது பாதிக்குக் கீழே இறங்கினால் சேற்று நண்டின் இளவுயிரிகள் கொத்துக் கொத்தாகச் சாகும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளாறு பெருகி வரும்போது கழிமுகத்தில் உப்பு எங்கே இருக்கும்? அதனால்தான் தாய் நண்டு இலட்சக்கணக்கான முட்டைகளை வயிற்று மடலுக்கடியில் சுமந்துகொண்டு முகத்துவாரம் தாண்டுகிறது. வழியில் வலையில் விழுந்தால் அத்தனையும் போயிற்று. சினை நண்டு கிடைத்தால் திரும்ப விட்டுவிடுங்கள். இன்று இதைப் பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீனா, கடலூர்: கடல் நீர்த்துளியை நுண்ணோக்கியில் பார்த்தேன். முள் முளைத்த ஏதோ துள்ளியது. இறால் குஞ்சு என்கிறாள் தோழி.

முதுகில் நீண்ட முள் ஒன்று, முகத்தில் ஒன்று, கவைத்த வால், உடம்புக்குப் பொருந்தாத பெரிய கறுப்புக் கண்கள் இருந்தனவா? அப்படியானால் நண்டின் முதல் பருவமான ஜோயியாதான். தோழியைக் கோபிக்காதீர்கள். அறிஞர்களே இதைத் தனி உயிரினம் என்று வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். 1820களில் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் இராணுவ மருத்துவர் ஜான் வாகன் தாம்சன், நண்டு முட்டையிலிருந்து ஜோயியா வெளிவருவதைக் கண்டு சொன்னார். அதற்குப் பிறகும் பூச்சியியல் அறிஞர் வெஸ்ட்வுட் போன்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. சேற்று நண்டு ஐந்து ஜோயியா நிலைகளைக் கடந்து, இடுக்கியும் நீட்டிய வாலும் கொண்ட மெகலோபாவாகும். அதன் பிறகே நண்டு உருவம்.

குமார், திருவாரூர்: வீட்டுத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைக்கலாமா?

முடியாது.

நசீர், பரங்கிப்பேட்டை: கடலுக்குப் போன அந்தப் பொடி, ஓட்டத்தை எதிர்த்து எப்படித் திரும்புகிறது?

எதிர்ப்பதே இல்லை. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் நீல நண்டை வைத்து இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். இரவில் ஓதம், அதாவது கடல் நீர், ஏறத் தொடங்கி உப்பு கூடுவதை உணர்ந்ததும் மெகலோபா மேலெழுந்து நீரோடு உள்ளே வரும். ஓதம் வற்றும்போது அடியில் ஒட்டிக்கொள்ளும். வெளிச்சம் பட்டால் எழாது. பகலில் வலை போட்டுவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று வரும் மாணவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

செல்வம், நாகப்பட்டினம்: நண்டுக் குஞ்சு வளர்ப்பில் லாபம் எவ்வளவு?

சீர்காழி அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. அங்கே கேளுங்கள். மெகலோபா நிலையில் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

அந்தோணி, பழவேற்காடு: அமாவாசை நண்டில்தான் சதை, பௌர்ணமி நண்டு வெறும் ஓடு. உண்மைதானே அம்மா?

சதையைத் தீர்மானிப்பது தோலுரிப்பு. ஓட்டைக் கழற்றிய நண்டு தண்ணீரை உறிஞ்சிப் பருக்கும். புது ஓடு நிறையச் சதை வளர நாளாகும். ஒரே இரவில் ஒரே கூடையில் ஒன்று கனமாகவும் மற்றொன்று காலியாகவும் இருப்பதை நீங்கள் பார்த்ததில்லையா?

அந்தோணி: தலைமுறை தலைமுறையாகப் பார்த்தது பொய்யா? நிலவு ஓதத்தை மாற்றவில்லையா?

மாற்றுகிறது. ஆனால் அமாவாசை, பௌர்ணமி இரண்டிலும் பெரிய ஓதம்தான். ஓதம் காரணமென்றால் இரண்டு நண்டும் ஒன்றுபோல அல்லவா இருக்க வேண்டும்?

வேலு, முடசலோடை: குறுக்கிடுகிறேன். நிலா வெளிச்சத்தில் நண்டு வளையை விட்டு வராது, இரை தின்னாது. அதனால் மெலிகிறது.

இது கேட்கத் தகுந்த வாதம். ஆனாலும் இரண்டு இரவு பட்டினியில் ஓடு காலியாகிவிடாது. அடுத்த பௌர்ணமியில் சந்தையில் கையில் எடுத்து அடிப்பக்கத்து ஓட்டை விரலால் அழுத்துங்கள். அமுங்கினால் அண்மையில் தோலுரித்தது, கல்லாக இருந்தால் நிறைந்தது. இரண்டும் கிடைக்கும்.

கீதா, சென்னை: அப்படியானால் எந்த நாளில் வாங்குவது?

எந்த நாளிலும். அழுத்திப் பார்த்து வாங்குங்கள். மடலுக்கடியில் முட்டை தெரிந்தால் வாங்காதீர்கள்.

முருகேசன், தஞ்சாவூர்: நண்டுக் குஞ்சு வளர்த்தால் என்ன லாபம்?

தொடுவாய்.