காலை எடுத்தால் வால் சுற்றும்: லோட்டஸ் 49 பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம்ங்க. கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் சிமுலேட்டரில் 1967ஆம் வருஷத்து ஃபார்முலா 1 (எஃப்1) பந்தயக் காரான லோட்டஸ் 49ஐ ஓட்டிப் பழகுகிறேன். 900 பாகை சுழலும் ஸ்டீயரிங், மூன்று பெடல், கியர் ஷிஃப்டர் எல்லாம் இருக்கிறது. வால்பாறை ரோட்டின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் கார் ஓட்டிப் பழகியவன்தான். ஆனால் இந்த வண்டியில் வளைவுக்குள் வேகம் அதிகமென்று ஆக்சிலேட்டரை விட்டதும் பின்பக்கம் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. ஸ்டீயரிங்கை 360 பாகையாகக் குறைத்துப் பார்த்தேன், இன்னும் மோசம். செட்டப்பில் (வண்டியின் அமைப்புகளில்) எதை மாற்றுவதுங்க?

வாசகர், பொள்ளாச்சி

அன்புள்ள நண்பருக்கு,

செட்டப்பை இப்போதைக்குத் தொடாதீர்கள். "விட்டதும்" என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான்.

மலையில் நீங்கள் ஓட்டுவது அநேகமாக முன்சக்கரம் இழுக்கிற வண்டி. வளைவில் காலை எடுத்தால் எடை முன்னால் சாயும், இன்ஜின் பிடித்து நிறுத்துவதும் முன்சக்கரத்தைத்தான். மூக்கு கொஞ்சம் உள்ளே திரும்பும், அவ்வளவே. லோட்டஸ் 49இல் 3 லிட்டர் காஸ்வொர்த் டிஎஃப்வி வி8 இன்ஜின் டிரைவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. சுமார் 500 கிலோ வண்டிக்கு ஏறத்தாழ 400 குதிரைசக்தி. காலை எடுத்தால் எடை முன்னே போய்ப் பின்டயர் லேசாகும். லேசான அந்த டயரையே இன்ஜினும் பிடித்து இழுக்கும். வளைவில் திரும்பவே தன் பிடிப்பு முழுவதையும் செலவழித்துக்கொண்டிருக்கும் டயர் இதற்குமேல் என்ன செய்யும்? வழுக்கும்.

இறக்கையும் கிடையாது. எஃப்1 கார்களில் இறக்கை வந்தது 1968இல். நம்ம கோவை நரேன் கார்த்திகேயன் 2005இல் ஓட்டிய ஜோர்டான் அணியின் எஃப்1 காரை வேகம் கூடக்கூடக் காற்று தரையோடு அழுத்தும். 1967 கார்களில் அந்த நினைப்போடு வேகமான வளைவுக்குள் போனால் நேராகப் புல்தரைதான்.

அதனால் வேகத்தைக் குறைக்கிற வேலை வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். பிரேக்கை வெடுக்கென்று விடாமல், கடைசிக் கால்பங்கு அழுத்தத்தை மெதுவாக விட்டபடி ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். திருப்பியவுடன் ஆக்சிலேட்டரில் லேசாகக் கால் வையுங்கள். வேகம் கூட்ட அல்ல, பின்டயரில் எடையை நிறுத்தி வைக்க. வளைவின் நடுவில் வேகம் அதிகமென்று தோன்றினாலும் முழுக்க எடுக்காதீர்கள், பத்தில் ஒரு பங்கு குறைத்தால் போதும். மூக்கு தானாக உள்ளே வரும். வெளியேறும்போது 6500 ஆர்பிஎம் பக்கம் கவனம்: டிஎஃப்வியின் சக்தி அங்கே திடீரென்று பொங்கும். தாழ்ந்த கியரில் அது பாதி வளைவில் வந்து விழுந்தால் மறுபடியும் சுற்றல்தான். ஒரு கியர் மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

கியரைக் குறைக்கும்போது பிரேக்கில் இருக்கும் கால் ஆக்சிலேட்டரையும் ஒரு தட்டு தட்ட வேண்டும். கொல்லிமலை இறங்குகிற லாரி டிரைவருக்கு இன்ஜின் எப்படிப் பிடிக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே ஆர்பிஎம் குறைந்த இன்ஜினோடு கிளட்சை விட்டால் பின்சக்கரத்துக்கு மட்டும் ஹேண்ட்பிரேக் இழுத்த மாதிரி ஆகும்.

ஸ்டீயரிங்கை 900 பாகைக்கே திருப்பி வையுங்கள். 360இல் கை ஓர் அங்குலம் அசைந்தாலே முன்சக்கரம் ஏகத்துக்குத் திரும்பும். வால் வெளியே வரும்போது எதிர்ப்பக்கம் அதிகமாகத் திருப்பிவிடுவீர்கள், வண்டி அந்தப் பக்கம் வீசியடிக்கும். முதல் சுற்றலை விட இந்த இரண்டாவதுதான் ஆளைச் சுவரில் கொண்டுபோய் விடும். வண்டி நேராகும் முன்பே கை நேராகிவிட வேண்டும். டயரின் விசையை ஸ்டீயரிங் வழியாகக் கைக்குத் தரும் ஃபோர்ஸ் ஃபீட்பேக்கின் அளவுமானி அடிக்கடி உச்சத்தைத் தொட்டால் கெயினை (அதன் பலத்தை) குறையுங்கள். உச்சத்தில் முட்டிய பிறகு டயர் பிடிக்கிறதா விடுகிறதா என்ற வித்தியாசம் கைக்கு வராது.

பார்வைக் கோணம், அதாவது திரை எவ்வளவு காட்சியைக் காட்டுகிறது என்ற அளவு, பலரும் தப்பாக வைப்பது. 27 அங்குல மானிட்டர் கண்ணிலிருந்து 70 செ.மீ. தள்ளி இருந்தால் செங்குத்துக் கோணம் சுமார் 27 பாகை. முதலில் குகைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆனால் அகலமாக வைத்தால் வண்டி திரும்புவது சின்னதாகத் தெரியும், வால் கிளம்பியதைக் கண் தாமதமாகத்தான் பிடிக்கும்.

பழக 30 லிட்டர் பெட்ரோலே போதும். லிட்டர் முக்கால் கிலோ, 100 லிட்டர் என்றால் 75 கிலோ. இவ்வளவு லேசான வண்டிக்கு அது பெரிய சுமை. முதல் இரண்டு சுற்றில் டயர் சூடேறியிருக்காது, பொறுமையாக.

பத்துச் சுற்று சுற்றாமல் ஓட்டிய பிறகும் பிரேக்கோடு திரும்பும்போது வால் துடித்தால், அப்போது பிரேக் பயஸை (முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக் பிரியும் விகிதத்தை) ஒவ்வொரு சதவீதமாக முன்னால் தள்ளுங்கள். காலைக் குறைத்தால் துடித்தால், பின்சக்கரங்கள் இரண்டுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலில் கோஸ்ட் பக்கப் பூட்டை, அதாவது காலை எடுக்கும்போது அவை இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் அளவை, கொஞ்சம் கூட்டலாம். இந்தப் பூட்டைச் சாய்வுக் கோணமாகக் காட்டுகிற சிமுலேட்டரில் கோணத்தைக் குறைத்தால்தான் பூட்டு கூடும். அதிகமாகக் கூட்டினால் மெதுவான வளைவில் மூக்கு திரும்ப மறுக்கும்.

உட்காருவது சக்கரம் வைத்த நாற்காலியா? அப்படியானால் பின்னால் இரண்டு செங்கல் முட்டுக் கொடுங்கள். நாற்காலி ஓடிக்கொண்டே இருந்தால் பிரேக்கில் ஒரே அழுத்தம் இரண்டு முறை கிடைக்காது.