காட்டுப் பந்தயத்துக்கு மோட்டோகிராஸ் வண்டி: பைப்பை அப்புறம் பார்க்கலாம்

கேள்வி: அமெரிக்காவில் ஓஹாயோவில் வசிக்கிறேன். 2012 யமஹா ஒய்இசட்250 டூ-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் (மண் தடத்தில் தாவித் தாவி ஓட்டும் பந்தயம்) வண்டி வைத்திருக்கிறேன். ஜிஎன்சிசி என்ற அமெரிக்கக் காட்டுப் பந்தயத் தொடரில் அமெச்சூர் பிரிவில் இறங்க ஆசை. முதலில் சைலன்சர் பைப்பை மாற்றட்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் வண்டிக்குச் சக்தி ஏராளம். அது ஒரேயடியாகப் பாய்ந்து வருவதுதான் காட்டில் தொல்லை. ஈர வேரில் பின்சக்கரம் வழுக்கும். இடுக்கில் திரும்பும்போது எஞ்சின் அணையும். கிக்கர் மிதித்தே தெம்பு போய்விடும். மோட்டோகிராஸில் ஓர் ஓட்டம் சுமார் அரை மணி நேரம். இங்கே அமெச்சூர்களுக்கான காலைப் பந்தயமே இரண்டு மணி நேரம்.

வழியை யமஹாவே காட்டியிருக்கிறது. இந்த வண்டியையே காட்டுக்கென்று மாற்றி, 2016 மாடலாக ஒய்இசட்250எக்ஸ் வந்தது. எஞ்சினின் கம்ப்ரஷனை (பெட்ரோல் கலவையை அழுத்தும் அளவை) குறைத்தார்கள், சஸ்பென்ஷனை மென்மையாக்கினார்கள், கியர்களுக்கு இடையே இடைவெளி கூட்டினார்கள், பின்னால் 18 அங்குலச் சக்கரம் போட்டார்கள்.

உங்கள் முதல் செலவு ஃப்ளைவீல் வெயிட்டாக (எஞ்சினின் சுழல் சக்கரத்தில் சேர்க்கும் எடை) இருக்கட்டும். கிராங்கோடு (எஞ்சினின் சுழல் தண்டோடு) சேர்ந்து சுழலும் பாரம் கூடினால் எஞ்சின் வேகம் நிதானமாக ஏறும், லேசில் அணையாது. குதிரைத்திறனும் குறையாது. ஃப்ளைவீலைக் கழற்ற அதற்குரிய புல்லர் என்ற கழற்றும் கருவி வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பவே நெம்பாதீர்கள்.

அடுத்தது சஸ்பென்ஷன். தாவி இறங்குவதற்காகச் செய்த வால்விங் (சஸ்பென்ஷனுக்குள் ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு), கல்லிலும் வேரிலும் கையை உதறவைக்கும். நீங்கள் ஏறி உட்கார்ந்தால் பின்பக்கம் சுமார் 100 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். உங்கள் எடைக்கு அது அமையவில்லை என்றால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். பிறகு சஸ்பென்ஷன் அமுங்கும் கடினத்தைக் கூட்டிக் குறைக்கும் கம்ப்ரஷன் கிளிக்கரைத் தளர்த்திப் பாருங்கள். அப்படியும் உதறினால் ரீவால்வ் (வால்விங்கை மாற்றியமைத்தல்) செய்யத்தான் வேண்டும்; பைப்புக்கு ஒதுக்கிய பணத்தை இதில் போடுங்கள்.

முதல் கியர் இழுக்கத் திணறினால் பின் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரத்தில்) இரண்டு பல் கூட்டுங்கள். 19 அங்குலச் சக்கரத்துக்குப் பதில் 18 போட்டால், சுற்றளவு ஏறத்தாழ அதேதான். டயரின் பக்கச்சுவர் மட்டும் உயரும். மேற்கு வர்ஜீனியாவின் ஸ்னோஷூ மலைப் பாறைகளில் டியூப் நசுங்கிக் கிழியாமலிருக்க அது உதவும். ஹாண்ட்கார்டு, ஸ்கிட் பிளேட் (எஞ்சினுக்கு அடியில் பூட்டும் தகடு), ரேடியேட்டர் கார்டு மூன்றும் இல்லாமல் இறங்கவே வேண்டாம்.

பெட்ரோலில் சேர்க்கும் ஆயில் அளவில் மட்டும் கை வைக்காதீர்கள். பிளக் கறுத்தால் ஆயிலைக் குறைக்கத் தோன்றும். குறைத்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். யமஹா சொல்வது 30:1, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 33 மில்லி ஆயில். திராட்டிலைக் கொஞ்சமே திறந்து ஓட்டுகிறீர்கள் என்பதால், சரிசெய்ய வேண்டியவை கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் பைலட் ஜெட்டும் நீடில் கிளிப்பும்.