முதல் கம்பி அறுவது ஏன்?

கேள்வி: சர்ச் கொயருக்காக அக்கூஸ்டிக் கிதார் பழகுகிறேன். ஃபோன் ஆப் வைத்து ட்யூன் செய்தாலும் கீபோர்டோடு சேரவில்லை. முதல் கம்பி இரண்டு முறை அறுந்துவிட்டது. காதால் கேட்டு சுருதி சேர்க்கவும் வரவில்லை.
- வாசகர், குளச்சல்

பதில்: கம்பி அறுவதற்குப் பெரும்பாலும் காரணம், இரண்டாம் கம்பியை மீட்டிக்கொண்டே முதல் (மிக மெல்லிய) கம்பியின் கீயை, அதாவது அதை முறுக்கும் திருகாணியைத் திருகுவதுதான். ஒலி மாறாததால் மேலும் மேலும் முறுக்குவோம், பட்டென்று போய்விடும். எந்தக் கீ எந்தக் கம்பிக்கு என்று கம்பியை விரலால் தடவிப் பார்த்த பிறகே திருகுங்கள். ஒரே இடத்தில்தான் அறுகிறது என்றால் அங்கே கூர் விளிம்பு இருக்கும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் போதும்.

கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் (மொத்த சுருதியையும் ஏற்றி இறக்கும் வசதி) பூஜ்யத்தில் இருக்கிறதா? பாடகருக்காக யாராவது ஏற்றி வைத்திருப்பார்கள், அப்படியே விட்டுப் போயிருப்பார்கள். ஆப்பில் ஏ ஸ்வரத்தின் அளவு 440 ஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும்.

இனி காது. சரளி வரிசை (ஸ ரி க ம என்று பாடும் ஆரம்பப் பாடம்) பாடத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆறாம் கம்பியை (ஈ, அதாவது 3 கட்டை) ஸ என்று வைத்தால் ஐந்தாம் கம்பி அதன் ம. ஐந்திலிருந்து நான்கு, நான்கிலிருந்து மூன்று, இரண்டிலிருந்து ஒன்று எல்லாமே ஸ-ம தூரம்தான். மூன்றிலிருந்து இரண்டு மட்டும் ஸ-க. சரளி வரிசையின் ராகமான மாயாமாளவகௌளையில் நீங்கள் பாடும் அதே க, அதே ம.

பாடத் தெரியாதா? ஆறாம் கம்பியை ஆப்பில் சரிசெய்துவிட்டு, அதன் ஐந்தாவது ஃப்ரெட்டை (கிதார் கழுத்தில் உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டம்) அழுத்தி, திறந்த ஐந்தாம் கம்பியோடு சேர்த்து மீட்டுங்கள். சற்றே விலகியிருந்தால் 'வாவ்... வாவ்' என்று ஒலி ஏறி இறங்கும். நொடிக்கு இரண்டு அலை என்றால் 2 ஹெர்ட்ஸ் வித்தியாசம். ஐந்தாம் கம்பியின் கீயைத் திருகத் திருக அலை நீண்டு நின்றுபோனால் சேர்ந்துவிட்டது. மறுபடி வேகம் பிடித்தால் தாண்டிவிட்டீர்கள். மற்ற கம்பிகளுக்கும் இதே முறை, மூன்றாம் கம்பியில் மட்டும் நான்காவது ஃப்ரெட். விரலை அதிகம் அழுத்தினால் சுருதி ஏறிவிடும், கவனம்.

தாண்டிவிட்டால் நன்றாகக் கீழே இறக்கி, மறுபடி ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்திய கம்பி வாசிக்கும்போது தளரும். திருகும்போது நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் பள்ளங்களில் உட்காரும் பட்டை) 'டிக்' என்று கேட்டால் கம்பி அங்கே சிக்குகிறது. பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்துவிடுங்கள். புதுக் கம்பியை 12-ஆவது ஃப்ரெட் அருகே லேசாக இழுத்துவிட்டு ட்யூன் செய்வதை மூன்று நான்கு முறை செய்யாமல் அது நிற்காது.

உங்கள் ஊர் உப்புக் காற்றுக்குக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் துடைத்து வையுங்கள். துரு ஏறிய கம்பியைத் திறந்து மீட்டினால் சேர்ந்தே கேட்கும், 12-ஆவது ஃப்ரெட்டில் விலகும். அதை எந்த ட்யூனராலும் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.